பால் பாத்திரத்தில் வெந்த கரடி

தொட்டிக்காரர் யார் பேச்சையும் நம்புகிற ஆள் இல்லை. பஸ் வருகிறது என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார். அதற்குக் காரணமும் உண்டு. முப்பத்தோரு வருஷமாக மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் அவர். “எங்க தொட்டி சுத்தமாத்தான் இருக்கு, சும்மா ஒரு அலசு அலசினாப் போதும்” என்று வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்த தொட்டிகளுக்குள் இறங்கி, செருப்பு எடுத்திருக்கிறார், பந்து எடுத்திருக்கிறார், ஒரு முழுப் பல்செட் எடுத்திருக்கிறார். ஒரு தடவை ஒரு நாற்காலியே எடுத்தார். ஆள் நுழையவே உடம்பைக் குறுக்க வேண்டிய மூடி வழியாக அந்த நாற்காலி எப்படி உள்ளே போனது என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, அதை எப்படி வெளியே எடுத்தோம் என்று இவருக்கும் இப்போது நினைவில்லை.

வெளியே இப்படி என்றால் வீட்டுக்குள்ளும் ஒரு அடி பட்டிருந்தார். மூத்த மகளைக் கேட்டு வந்தவன் “கப்பல்ல வேலை” என்றான். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் கப்பல் என்பது ஒரு செருப்புக் கடையின் பெயர் என்று தெரிந்தது. மகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், அவன் நல்லவன்தான், வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பும் வருகிறது. அதை மனைவி அடிக்கடி எடுத்துச் சொல்வாள். இவர் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டேதான், “ஏமாந்தது ஏமாந்ததுதான்” என்பார்.

ஆகவே இளைய மகள் தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா அதை அவரிடம் சொன்னபோது, தொட்டிக்காரர் கேட்ட முதல் கேள்வி, ஆள் என்ன வேலை என்பதுதான்.

“கரடி பாத்துக்கிற வேலையாம்” என்றாள் மனைவி.

மகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவி அடுக்குகிற பிரிவுக்கு மேற்பார்வை. அவள் அம்மாவிடம் சொன்னது ‘நீர்க்கரடி’ என்று. காய் நறுக்கிக்கொண்டே கேட்ட அம்மா, முன்னால் இருந்த நீரைக் கீழே விட்டுவிட்டுக் கரடியை மட்டும் கொண்டுவந்து சேர்த்தாள்.

தொட்டிக்காரருக்குக் கரடி பிடித்துப்போயிற்று. செருப்புக் கடையைக் கப்பல் என்று சொல்லலாம், கரடியில் அப்படியெல்லாம் ஏமாற்ற முடியாது. ஒன்று கரடி இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. மறுநாளே, தொட்டி மேல் நின்று தனக்குக் கயிறு பிடிக்கிற கூட்டாளியிடம், தன் சின்ன மாப்பிள்ளை கரடி மேய்க்கிறவர் என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார். கூட்டாளி ஆறே கால் அடி உயரம், பேர் ‘ஏணி’. அவன் கரடிக்கு யார் சோறு போடுவது, நகம் யார் வெட்டுவது என்று கேட்டான். தெரியாததற்கெல்லாம் தொட்டிக்காரர் தெரிந்த மாதிரியே பதில் சொன்னார். தொட்டிக்குள் இருந்து பேசினால் எந்தக் குரலுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வருவதாக ஏற்பாடு. கரடி மேய்க்கிறவர் உட்கார்ந்தால் தாங்குமா என்று வீட்டு நாற்காலிகளை ஆட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஓர் இரும்பு நாற்காலி வாங்கிப் போட்டார். பத்து மணிக்கு வந்தவனோ மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப்பிச்சான். கையில் ஒரு கீறல்கூட இல்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தான். ஆள் உட்கார்ந்தது நாற்காலிக்கே தெரியவில்லை.

தொட்டிக்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“எத்தனை கரடி வெச்சிருக்கீங்க?”

“இப்போதைக்கு ஒரு தட்டுல நானூறு இருக்கும் மாமா.”

தொட்டிக்காரர் மேஜையைப் பார்த்தார். அங்கே ஒரு தட்டில் ஒன்பது பிஸ்கட் இருந்தது. அதற்கு மேல் வைத்தால் சரியும்.

“மாமாவெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்” என்றார். “தட்டுலயா?”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் கரடிக்காரன் விளக்கிச் சொன்னான். பேருக்குத்தான் கரடி. மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. நடக்கிற நடை கரடி மாதிரி இருப்பதால் அப்படிப் பெயர். எட்டுக் கால், ஒவ்வொரு கால் நுனியிலும் நகம். பாசிக்குள் குடியிருக்கும். மொட்டை மாடிச் சுவரில், கூரை ஓட்டில், எங்கே பாசி திட்டாக இருக்கிறதோ அங்கேயெல்லாம் இருக்கலாம். பாசி காய்ந்தால் அதுவும் காயும். காலை உள்ளே இழுத்துக்கொண்டு பீப்பாய் மாதிரி சுருண்டுவிடும். உடம்பில் இருக்கிற தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடும். தீனி கிடையாது, அசைவு கிடையாது, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் எழுந்து, விட்ட வேலையைப் பார்க்கப் போய்விடும். சிலதை விண்வெளிக்கே கொண்டுபோய்க் காற்றில்லாத வெட்டவெளியில் திறந்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதிலும் பிழைத்தது உண்டு.

எட்டுக் கால் வரைக்கும் தொட்டிக்காரர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். விண்வெளி வந்ததும் கையை மடக்கிவிட்டார்.

“செத்தது எழுந்து நடக்கும்கிறீங்க.”

“சாகலைங்க மாமா... ஐயா. சாகவும் இல்லாம, உயிரோடயும் இல்லாம, நடுவுல ஒரு நிலைமை.”

தொட்டிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். “உன் தம்பி மாதிரி.”

மனைவி பிஸ்கட் தட்டை அவர் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தினாள்.

ஆள் போனதும் தொட்டிக்காரர் தீர்ப்புச் சொன்னார். கரடி விடுகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒரு கரடி, அதிகம் போனால் இரண்டு கரடி விடுவார்கள். ஒரே தட்டில் நானூறு கரடி விட்டவனை இன்றைக்குத்தான் பார்க்கிறார். இந்தக் கல்யாணம் வேண்டாம். முப்பத்தோரு வருஷமாகப் பாசி சுரண்டியிருக்கிறார். வாயில், மூக்கில், காதில் பாசி போயிருக்கிறது. ஒரு கரடிகூடக் கண்ணில் பட்டதில்லை.

“நீங்க பாசியைப் பாத்ததே இல்லப்பா, சுரண்டத்தான் செஞ்சிருக்கீங்க” என்றாள் மகள்.

அவள் அழவில்லை, கதவைச் சாத்தவில்லை. அழாமல் உட்கார்ந்து பேசுகிற அந்தப் பழக்கத்தினால்தான் சின்ன வயசிலிருந்தே அவருக்கு அவளிடம் பயம். உட்கார்ந்து பேசினாள். கரடிக்காரரைத்தான் கட்டிக்கொள்ள விருப்பம், ஆனால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற வீட்டிலிருந்து கிளம்பிப் போக மனசில்லை என்றாள். அதனால் ஒரு சோதனை. பாசி அப்பாவுடையது, தண்ணீர் அப்பாவுடையது, கண்ணும் அப்பாவுடையது. மைக்ராஸ்கோப் மட்டும் அவர் கொண்டுவருவார். கரடி நடந்தால் அப்பா சரி என்று சொல்ல வேண்டும்.

“நடக்கலைன்னா?”

“நடக்கலைன்னா நானே வேண்டாம்னு சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். தொட்டிக்காரருக்கு ஜெயித்த மாதிரியும் இருந்தது, தோற்ற மாதிரியும் இருந்தது.

பாசிக்குப் பஞ்சமில்லை. பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறையக் காய்ந்த பாசி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் தொட்டியை ஒட்டின சுவரில் பாசியே இல்லை என்று சாதித்த நிர்வாகியிடம் காட்டுவதற்காகச் சுரண்டி எடுத்து வைத்தது. நிர்வாகி மாறிப் போய்விட்டார். சாட்சியை மட்டும் இவர் தூக்கிப் போடவில்லை.

ஆனால் அதை அப்படியே கொடுத்துவிட்டால் அவர் எப்படித் தொட்டிக்காரர்? படுத்துக்கொண்டு யோசித்தார். மைக்ராஸ்கோப் அவனுடையது. உள்ளே எதையோ நடக்கவிட்டு, இதுதான் கரடி என்று சொன்னால் நாம் என்னத்தைக் கண்டோம்? கரடிக்கு அடையாள அட்டையா இருக்கிறது? வித்தைக்காரனைப் பிடிக்க ஒரே வழி, இல்லாததை அவனிடம் கொடுத்து இருக்கிறது என்று சொல்ல வைப்பதுதான்.

மனைவி பெரிய மகள் வீட்டுக்குப் போன ஒரு பகல் பொழுதில், டப்பாவிலிருந்து பாதிப் பாசியை எடுத்து, கைக்குக் கிடைத்த பாத்திரத்தில் போட்டு, முழுசாக அரை மணி நேரம் கொதிக்க வைத்தார். வடிகட்டி, தகரத்தின் மேல் போட்டு, மொறமொறவென்று காயவைத்து, காகிதத்தில் மடித்தார். பாத்திரத்தைத் தொட்டி கழுவுகிற கவனத்தோடு தேய்த்து, அதே ஆணியில், கைப்பிடி அதே பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டினார். இனி இதில் எது எழுந்து நடந்தாலும் அது கரடி இல்லை, கரடிக்காரனின் புளுகு. மிச்சப் பாசியையும் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. எதையும் முழுசாகக் கைவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

சோதனை நாளன்று ஜன்னல் ஓரத்து மேஜையில் மைக்ராஸ்கோப் உட்கார்ந்தது. தொட்டிக்காரர் அதை மேலிருந்து பார்த்தார், கீழிருந்து பார்த்தார், உள்ளே படம் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். முதலில் தன் விரலை வைக்கச் சொன்னார். கண்ணை வைத்துப் பார்த்தார். உழுத வயல் மாதிரி வரிவரியாக ஒரு பூமி; வரிகளுக்கு நடுவில் கறுப்பாக அழுக்கு. எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். அழுக்கு அங்கேயே இருந்தது. ஊருக்கெல்லாம் தொட்டி கழுவுகிற கை.

“மெஷின் உண்மையைத்தான் சொல்லுது” என்று முணுமுணுத்துவிட்டு, காகித மடிப்பை நீட்டினார்.

பாசி ஒரு கண்ணாடித் தட்டில் விழுந்தது. வீட்டுக் குடத்துத் தண்ணீரை அவரே ஊற்றினார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஐந்து நிமிஷத்தில் தொட்டிக்காரருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அது அவர் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம். கோடையில் காய்ந்து கரிக்கட்டையாகக் கிடக்கும் பாசி மேல் ஒரு குவளைத் தண்ணீர் பட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிடும். அந்தப் பச்சையைத் திட்டாத நாள் அவர் வாழ்க்கையில் இல்லை. இந்தப் பாசி பச்சையாகவில்லை. ஊறிய டீத்தூள் மாதிரி பழுப்பாகக் கிடந்தது. பாசி வேகும்போது இதெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. ஓரக்கண்ணால் கரடிக்காரனைப் பார்த்தார். அவனும் பாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரடிக்காரன் பாசியைப் பிழிந்து அந்தத் தண்ணீரை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தான். குனிந்தவன் நிமிரவில்லை. மனைவி டீ போட்டு, பாத்திரத்தைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, எல்லோருக்கும் கொடுத்தாள். மகள் தன் டீயைத் தொடவில்லை. தொட்டிக்காரர் மனசுக்குள், சொல்லுடா, இருக்குன்னு சொல்லுடா என்று அவனை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அரை நொடி வேலை.

கரடிக்காரன் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“நடக்காதுங்க ஐயா.”

“ஏன், கரடி இல்லையா?”

“இருக்கு. பதினாலு எண்ணினேன். எல்லாம் செத்துப் போச்சு.” ஒரு மிடறு டீ குடித்துக்கொண்டு யோசித்தான். “காஞ்சு செத்த மாதிரி தெரியலை. தண்ணியில நல்லா ஊறி, காலை நீட்டினப்புறம் செத்திருக்கு. கூட இருக்கிற புழு, பூச்சி, பாசி, எதுலயும் உயிர் இல்ல. இது...” என்று இழுத்தான். மரியாதைக்காரன். “இது வெந்திருக்குங்க ஐயா.”

தொட்டிக்காரர் கொதிக்க வைத்தபோது வீட்டில் ஒரு ஈகூட இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஏணியிடம்கூடச் சொல்லவில்லை. முழுசாகத் துடைத்து மாட்டின குற்றத்தைக் கண்ணுக்கே தெரியாத பதினாலு பிணம் சாட்சி சொல்லி வெளியே கொண்டுவந்துவிட்டது.

முதலில் பேசியது மனைவி.

“எந்தப் பாத்திரத்துல?”

தொட்டிக்காரர் ஆணியைப் பார்த்தார். அது பதிலாகப் போதுமாக இருந்தது. மனைவி ஆணியிலிருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையிலிருந்த டீயைப் பார்த்தாள், டீயைக் கீழே வைத்தாள். மகளும் டம்ளரை இரண்டு விரலால் தள்ளி வைத்தாள். கரடிக்காரன் மட்டும், “கொதிச்சதுதானே, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிவிட்டு மிச்ச டீயையும் குடித்து முடித்தான். தொட்டிக்காரர் அதைக் கவனித்தார்.

மகள் மெதுவாகக் கேட்டாள். “கரடியை மட்டும்தான் வேகவெச்சீங்களாப்பா?”

நடக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகத் தான் கொடுத்த வாக்கை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. உன் கல்யாணத்தைக் கெடுக்க இல்லை, இவனைப் பிடிக்கத்தான் என்று திக்கித் திணறிச் சொன்னார். உயிரில்லாத பாசியைக் கொடுத்தால் பொய் சொல்கிறானா என்று பார்க்கத்தான் வேகவைத்தேன் என்றார். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகக் கேட்டது.

அப்போது கரடிக்காரன் கேட்ட கேள்வியை யாருமே எதிர்பார்க்கவில்லை.

“பாதியை வேகவெக்காம வெச்சிருக்கீங்களா ஐயா?”

தொட்டிக்காரர் சட்டைப் பையைத் தொட்டார்.

அவன் முகம் மலர்ந்தது. “நாங்களும் ஆய்வுக்கூடத்துல இதேதான் செய்வோம். ஒரு பாதியைக் கொன்னுட்டு, ஒரு பாதியை அப்படியே வெச்சு, ரெண்டையும் பாப்போம். கொன்னதுலயும் ஏதாவது நடந்தா, நாங்க எங்கயோ தப்புப் பண்றோம்னு அர்த்தம்.”

“யார் மேல சந்தேகம்?”

“எங்க மேலயேதான். நம்பாம இருக்கிறதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க.”

தொட்டிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து அறுபத்துமூன்று வருஷமாக ஒரு பைசா வாங்காமல் அவர் செய்துகொண்டிருந்த வேலை அது. அதற்கென்று கட்டடம் கட்டி, ஆள் வைத்து, மாசம் பிறந்தால் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று இதுவரை ஒருத்தர்கூட அவரிடம் சொன்னதில்லை.

இரண்டாவது மடிப்பைப் பிரித்தார்கள். தண்ணீர் பட்டு மூன்று நிமிஷத்தில் பாசி ஓரத்திலிருந்து பச்சையாகத் தொடங்கியது. முதல் தடவையாகத் தொட்டிக்காரர் அந்தப் பச்சையைத் திட்டவில்லை. கரடிக்காரன் முன்கூட்டியே சொல்லி வைத்தான்: மூன்று வருஷம் ஆயிற்று, எல்லாம் எழாது, ஒன்றுகூட எழாமலும் போகலாம். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. மனைவி பால் பாத்திரத்தை எடுத்துப்போய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கரடிக்காரன் பார்த்தான், சொட்டை மாற்றினான், பார்த்தான், மாற்றினான். அப்புறம் எதுவும் பேசாமல் எழுந்து தன் நாற்காலியைத் தொட்டிக்காரருக்கு விட்டுக் கொடுத்தான்.

தொட்டிக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

வெளிச்சத்துக்கு நடுவில் இரண்டு பீப்பாய் சும்மா கிடந்தது. மூன்றாவது சும்மா கிடக்கவில்லை. தொப்பையும் தொந்தியுமாக, தோல் மடிப்பு மடிப்பாக, கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் தெரிய, ஒரு குண்டு ஆசாமி. ஒரு காலை எடுத்து வைத்தது. அது வழுக்கியது. அடுத்த காலை எடுத்து வைத்தது, அதுவும் வழுக்கியது. பின்னால் இருந்த இரண்டு கால் எதையோ பிடிக்கப் பார்த்துத் துழாவியது. மூன்று வருஷத் தூக்கம் கலைந்த எரிச்சல் அதன் ஒவ்வோர் அசைவிலும் தெரிந்தது. அந்த நடை தொட்டிக்காரருக்கு நன்றாகத் தெரிந்த நடை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வழுக்குகிற தொட்டியின் அடியில், சுவரைத் தேடித் துழாவி நடக்கிற நடை. ஒரு பாசித் துணுக்கு அகப்பட்டதும் நகத்தால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறியது.

வெகுநேரம் பார்த்தார். கழுத்து வலித்தது, பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, மற்றக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு தடவை சட்டென்று எழுந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பழக்கம்.

“எட்டுக் கால் இருக்கான்னு எண்ணினீங்களாப்பா?” என்றாள் மகள்.

“ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

“அப்ப?”

தொட்டிக்காரர் நிமிர்ந்தார். அத்தனை நேரம் குனிந்து பார்த்து, தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற உண்மையைச் சொன்ன ஆள் எதிரில் நின்றான். இதையெல்லாம் வாயால் சொல்லத் தொட்டிக்காரருக்கு வராது.

“ஐயான்னு கூப்பிடறது காதுக்கு நல்லா இல்ல” என்றார். “மாமான்னே கூப்பிடுங்க மாப்பிள்ளை.”

மகள் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். எந்தப் பாத்திரத்தில் போட்டது என்பது அவளுக்கு அப்போது நினைவே இல்லை.

மறுநாள் வேலையில் ஏணி தொட்டி மேல் நின்று கயிறு பிடித்தான். தொட்டிக்காரர் உள்ளே சுரண்டி முடித்து வெளியே வந்து, வெளிச்சுவரில் இருந்த பாசியை நாலா பக்கமும் எடுத்துவிட்டு, ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுரண்டியைத் துடைத்தார். ஏணி விட்டுப்போன இடத்தைக் காட்டினான். அங்கே கரடி இருக்கலாம் என்றார். ஏணி பாசியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். தொட்டிக்காரர் எட்டுக் காலையும், மூன்று வருஷத் தூக்கத்தையும், விண்வெளியையும் எதையும் விடாமல் சொன்னார். இந்தத் தடவை தொட்டிக்கு வெளியே, வெயிலில் நின்று சொன்னதால் குரலில் கம்பீரம் குறைவாகத்தான் இருந்தது.

“காலங்காத்தால கரடி விடாதீங்கண்ணே” என்றான் ஏணி.

தொட்டிக்காரருக்குக் கோபம் வரவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, அவனை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

“நம்பாதே, நீ நம்பவே கூடாது” என்றார். “இந்த மாதிரி ஆளுக்குச் சம்பளம் குடுக்கிற எடம் ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லி வெக்கிறேன். முதல் எடம் எனக்கு, ரெண்டாவது உனக்கு.”